வாய்ஸ் எடுக்கும் அறை

மதுரை செல்லூரில் எங்கள் தெரு குறுகலானது. எதிரெதிராக இரண்டு பைக் வந்தால் ஒன்று வாசற்படியோரம் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். அடுத்த தெருவில் துண்டு நெய்கிற விசைத்தறி, கோடியில் எவர்சில்வர் பட்டறை. நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் வாலிபத்திலிருந்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். திருவிழா மேடை, விடிய விடியக் கச்சேரி, விடிந்ததும் வேனில் உட்கார்ந்தபடியே தூக்கம் என்று ஓடிய வாழ்க்கை. மேடைகள் குறைந்துபோன பிறகு ஊர்க் கோயில்களுக்குப் பாட்டுப் போட்டுக்கொடுக்கிறார். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வந்து உட்காருவார்கள். எங்க கருப்பசாமிக்கு ஒரு பாட்டு வேணும், அதுல எங்க ஊர்ப் பேர் வரணும் என்பார்கள். தென் மாவட்டங்களில் கேசட் காலத்திலிருந்தே நடக்கிற வேலை இது. பிறகு சிடிக்குப் போனது, இப்போது பென்டிரைவிலும் யூடியூபிலும் ஓடுகிறது. ஒரு கிராமம் தன் எல்லைச்சாமிக்காகக் காசு திரட்டிப் போடுகிற பாட்டைப் பற்றி யாரும் பத்திரிகையில் விமர்சனம் எழுதுவதில்லை. எனக்கு அந்தப் பாட்டுகள்மேல் பெரிய மரியாதை உண்டு.

டிராக்கை வீட்டில் வாசித்து முடித்துவிட்டு, வாய்ஸ் எடுக்க மட்டும் வெளியே ஒரு ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் போய்வந்து கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறவர் எப்படிப் பாடுவார்? இனி வாய்ஸும் வீட்டிலேயே எடுக்கலாம் என்று முடிவு செய்தவள் மகள். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அப்பாவின் பழைய கேசட்டுகளை ஏற்றிப் பழகியவள் அவள். தெருப்பக்கத்து அறையை அவர்கள் ஒழித்துப்போட்ட நாளிலிருந்து நானும் அந்த நிலைப்படியில் உட்கார ஆரம்பித்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. சிவப்புக் காவித் தரை, சுண்ணாம்புச் சுவர். உள்ளே ஒரு சாமானும் இல்லாத நேரத்தில் அவள் நடுவில் போய் நின்று ஒரு தட்டுத் தட்டினாள். ஒரே கைதட்டல்தான். சுவர்களுக்குள் 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது. மூலைக்குப் போய் ஒரு தட்டு, ஜன்னலோரம் ஒரு தட்டு. அப்பா கீபோர்டு ஸ்டாண்டைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் நிற்கிற இரண்டு மொட்டைச் சுவர்களுக்கு நடுவில் ஒலி மாறி மாறி மோதித் திரும்பும். பாடுகிறவரின் குரலோடு அந்த மோதலும் மைக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை போய்விட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் முழுதாகப் பிரித்து எடுக்க முடியாது. அவள் சுவரைத்தான் முதலில் கவனித்தாள் என்பதே எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரக் காரணம்.

பக்கத்து வீட்டுப் பையன் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு ஓடிவந்தான். யாரோ வீடியோவில் சொன்னார்களாம்.

"வேணாம்டா தம்பி. இது கீச்சுச் சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கும், அம்புட்டுத்தான். தறிச் சத்தம் நிக்காது, எதிரொலியும் நிக்காது."

அவன் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, சுத்தியலை அவனிடம் கொடுத்து ஆணி அடிக்கச் சொன்னாள்.

இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க எடை வேண்டும், இடுக்கு அடைபட வேண்டும்: செங்கல் சுவர், கனத்த கதவு, விளிம்பில் ரப்பர் பட்டை. உள்ளே பிறக்கும் எதிரொலி அடங்க, காற்று நுழைந்து களைத்துப்போகிற தடிமனான பஞ்சு வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவழிப்பார்கள். இவள் அம்மாவின் கல்யாணச் சீர் மெத்தையை, இலவம்பஞ்சு மெத்தையை, வெயிலில் போட்டு அடித்து உப்பவைத்து, பாடுகிறவருக்குப் பின்னால் வரும் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். எதிர்ச் சுவரில் ஜமுக்காளம் இரண்டு மடிப்பாக. மூலைகளில் பழைய நூல்சேலை மூட்டைகள். ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினாள். மறுபடி கைதட்டினாள். தட்டிய ஒலி தட்டிய இடத்திலேயே விழுந்தது. அப்பா தலையாட்டினார். முப்பது வருடம் திறந்தவெளி மேடையில் வாசித்தவருக்கு அந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் பிறகுதான் வந்தது. ஏதோ கம்பெனியில் ஓடி, கைமாறி, டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றுக்கு வந்து சேர்ந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப். உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாள். அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது, அதனால் இரைச்சலும் இல்லை, வேகமும் கூடும். ராம் 16 ஜிபி. பேட்டரி புதிது. "இது போதுமா? பெருசா ஒண்ணு வாங்கிருவோமே" என்று அப்பா கேட்டார். போதும். ஒரு குரலைப் பதிவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நாற்பது ஐம்பது டிராக், ஒவ்வொன்றிலும் கனமான வாத்திய மாதிரிகள் என்று ஏற்றும்போதுதான் மூச்சு வாங்கும். அவருடைய கீபோர்டு யுஎஸ்பி வழியாக மிடியாகச் சேர்ந்துகொண்டது. மிடி 1983-இல் வந்தது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற செய்தியை மட்டும் அனுப்புமே தவிர ஒலியை அனுப்பாது. ஐந்து ஊசி வட்டச் செருகியில் மிடி ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு இது பழக்கம். மென்பொருள் ரீப்பர். அறுபது நாள் பார்த்துவிட்டு அறுபது டாலர் கட்டினால் சொந்தம். திருட்டு நகல் வேண்டாம் என்று மகள் கறாராகச் சொன்னாள், அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. தன் பாட்டுக்குக் காசு வராமல் நகலெடுத்து விற்றதைக் கேசட் கடைகளில் நேரில் பார்த்தவர் அவர்.

கம்ப்யூட்டருக்கும் மைக்குக்கும் நடுவில் உட்காருவது ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தைப் பெரிதாக்கி, நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்கிக் கொடுப்பது அதன் வேலை. மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதைப் பிடிக்க இரட்டிப்புக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணக்கு. ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில் எழுதினாள். அதனால் சத்தத்தை முட்ட முட்ட ஏற்றிப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. மேலே தாராளமாக இடம் விட்டு, உச்சக் குரலும் மைனஸ் 12 டெசிபலைத் தொடாதபடி வைத்தாள். பூஜ்யத்தைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, அந்த இடம் கரகரத்தே போய்விடும்.

பாட வருகிறவர் அப்பாவோடு மேடையேறிய பாட்டுக்கார அம்மா. ஐம்பதைக் கடந்தவர், அஞ்சரைக் கட்டையில் இன்னும் அசராமல் நிற்கிற குரல். அவருக்கு இவர் 'அண்ணே', இவருக்கு அவர் 'தங்கச்சி', மகளுக்கு 'அத்தை'. ஒத்திகைக்காக ஒரு சாயங்காலம் வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வரி பாடியதும் கழற்றிவிட்டார்.

"ஏத்தா, என்னாது இது? எனக்குப் பின்னாடி நின்னு வேற யாரோ பாடுற மாதிரியில்ல இருக்கு!"

மகள் சிரித்துக்கொண்டே திரையில் ஒரு எண்ணை மாற்றினாள். பஃபர் 1,024-இல் இருந்தது. கம்ப்யூட்டர் ஒலியை அத்தனை அளவுகள் கொண்ட கட்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. நொடிக்கு 48,000 என்றால் 1,024 சேர 21 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை. நாற்பதைத் தாண்டிவிடும். ஒலி காற்றில் ஒரு மில்லி நொடிக்கு ஒரு அடிக்குச் சற்று அதிகமாகப் போகிறது. ஆக, தன் குரலையே ஏறத்தாழ ஐம்பது அடி தள்ளி நின்று கேட்கிற நிலை அந்த அம்மாவுக்கு. தாளம் நிற்குமா? 128 ஆக்கியதும் ஒவ்வொரு முறைக்கும் மூன்று மில்லி நொடிக்குள் வந்தது. பெட்டியைச் செய்தவர்கள் கொடுத்த ஏசியோ டிரைவரைப் போட்டிருந்ததால்தான் அதுவும் முடிந்தது. 1997-இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு ஏசியோ. விண்டோஸின் ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகப் பெட்டியோடு பேசும். பிறகு அவள் அதையும் விட்டுவிட்டு, பெட்டியிலேயே இருந்த 'டைரக்ட்' பொத்தானை அழுத்தினாள். மைக்கில் பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் நேராக ஹெட்போனுக்கு வந்தது. அந்த அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன்.

அன்றைக்கு வேறொரு தொல்லையும் தலைகாட்டியது. பாட்டு நின்ற இடத்திலெல்லாம் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரீர் என்றது. எலக்ட்ரீஷியன் வந்து சுவர் பிளக்கைக் கழற்றினார். மூன்று ஓட்டை இருந்தது, இரண்டில்தான் கம்பி. எர்த் கம்பி பிளக்வரை வராமலே வீட்டுக்காரர்கள் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறார்கள். கம்பி இழுத்து இணைத்துவிட்டு, கொல்லையில் காய்ந்து கிடந்த எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அப்பாவே தூக்கிக்கொண்டு போய் ஊற்றினார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்தச் சுற்றும் அதன் மடங்குகளும்தான் இப்படி முனகலாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. எர்த் சரியானதும் முக்கால்வாசி போய்விட்டது. பாட்டுக்காக வந்த எலக்ட்ரீஷியன் அந்த வீட்டை ஓர் ஆபத்திலிருந்தும் காப்பாற்றிவிட்டுப் போனார் என்றே நினைக்கிறேன். வீட்டில் ஒலிப்பதிவு வேண்டாம் என்பவர்கள்கூட இந்த ஒன்றையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைக் விஷயத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் சின்ன இழுபறி. அப்பாவிடம் மேடையில் தேய்ந்து, வலை நசுங்கிய ஷூர் எஸ்எம்58 இருந்தது. 1966-இல் வந்த மாடல், உலக மேடைகளையெல்லாம் பார்த்தது. மகள் வாங்கியது கண்டென்சர் மைக். அதற்கு 48 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டியே கேபிள் வழியாக அனுப்ப வேண்டும். குரலின் நுனிமூச்சுவரை அது பிடிக்கும், கூடவே தறியையும் ஃபிரிட்ஜையும் பட்டறைத் தட்டலையும் சேர்த்தே பிடிக்கும். இரண்டிலும் ஒரே வரியைப் பாடவைத்துக் கேட்டார்கள். கண்டென்சரில் அந்த அம்மாவின் குரலுக்கு அடியில் தறி ஓடிக்கொண்டேயிருந்தது. எஸ்எம்58-இல் தறி தூரத்துக்குப் போய்விட்டது, குரலின் ஈரமும் கொஞ்சம் போய்விட்டது.

"இரைச்சல் இருக்கிற வீட்டுக்கு இதுதாம்மா சரி" என்றார் அப்பா, பழைய மைக்கைக் கையில் உருட்டியபடி. உண்மைதான். பதப்படுத்தாத அறையில் விலை கூடிய கண்டென்சரைவிட வாயருகே வைத்த இது போன்ற டைனமிக் மைக் நல்ல பதிவு தரும். மகள் மறுக்கவில்லை. "தறி நிக்கிற அன்னைக்குப் புது மைக்ல எடுப்போம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டறையில் எடுத்தால் அது முறையான பதிவாகுமா என்று பாட்டுக்கார அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அப்பா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கோடம்பாக்கத்தில் ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்டு இன்னைக் கட்டியது 1989-இல், அங்கிருந்து 'ரோஜா' வந்தது 1992-இல் என்றார். அந்த வருடம் மேடைகளில் கீபோர்டுக்காரர்களின் தலையெழுத்தே மாறிப்போனதை அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மியது. மகள் தன் பங்குக்கு, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சாதாரண வீட்டின் படுக்கையறையில் பில்லி ஐலிஷும் அவள் அண்ணன் ஃபினியஸும் எடுத்த ஆல்பம் 2020-இல் கிராமி வாங்கியதைச் சொன்னாள். எனக்கு இன்னும் பின்னால் ஓடியது நினைவு. 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தது ஓர் ஓட்டல் அறையில்தான். ஒரு குழாய்க்குள் பாடிய அந்த மூன்று நிமிடப் பாட்டுகளிலிருந்துதான் இந்த நாட்டின் இசைத்தட்டு வரலாறே நடந்து வருகிறது. வீட்டறையில் பாடுவது ஒன்றும் குறுக்குவழி இல்லை. தொடக்கமே அப்படித்தான்.

தறி நிற்கிற நாள் எது என்பதை மகள் பேப்பரில் பார்த்து வைத்திருந்தாள். துணை மின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை, செல்லூர் சுற்றுவட்டாரம். எல்லோரும் முகம் சுளிக்கிற அந்த அறிவிப்பை அவள் கத்தரித்து மெத்தையில் ஊக்கால் குத்தி வைத்திருந்தாள்.

அன்று பத்தடித்து ஐந்து நிமிடத்தில் மின்விசிறி தளர்ந்து நின்றது. அதற்கு முன்பே தறி நின்றிருந்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உடலைக் குலுக்கிவிட்டு அடங்கியது. எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார், எதிர்வீட்டு டிவி, பட்டறையின் அரவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. இத்தனை ஒலிக்கு நடுவிலா இவ்வளவு நாள் இருந்தோம் என்று தோன்றியது. இன்வெர்ட்டரையும் அவள் முன்கூட்டியே அணைத்திருந்தாள், அதற்கும் ஒரு முனகல் உண்டு. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. இன்டர்ஃபேஸும் மைக்கும் லேப்டாப்பின் யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரத்தை வாங்கிக்கொண்டன. சுவரோடு ஒட்டோ உறவோ இல்லாததால் கடைசி மிச்ச முனகலும் போய்விட்டது. வைஃபை அணைப்பு, அறிவிப்புகள் அணைப்பு, தூங்கும் வசதி அணைப்பு. பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும் என்றாள்.

"மாமா, நாற்காலி கிறீச்சுங்கும். கீழ உக்காந்துக்கங்க. அசையக் கூடாது."

சம்மணமிட்டேன். கதவு சாத்தப்பட்டது. சித்திரை வெயில் தெருவில் நிற்கிறது, ஜன்னலும் அடைப்பு. ரீசார்ஜ் விளக்கு ஒன்று பாட்டெழுதிய தாளின்மேல் வெளிச்சம் போட்டது. தாள் கையில் இருந்தால் சலசலக்கும் என்று மெத்தையோரம் குத்தியிருந்தார்கள். பாட்டுக்கார அம்மா தானாகவே வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்று அதிகம் இடைவெளி. நடுவில் எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் துணி இழுத்துக் கட்டிய வட்டம். பாட்டின் முதல் சொல்லே 'பதினெட்டாம்படி'. அழகர்கோயில் வாசலில் நிற்கிற கருப்பசாமியை அழைக்கிற பாட்டு, வேறெப்படித் தொடங்கும்? அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே 'ப' இரண்டு முறை வருகிறது. முதல் எழுத்தில் உதட்டிலிருந்து வெடிக்கும் காற்று நேராக மைக்கில் பட்டால் 'தொப்' என்று குத்தும். நைலானுக்குப் பிறகும் கொஞ்சம் குத்தியது. மகள் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் இரண்டு விரல் ஒதுக்கினாள். காற்று விலகிப் போனது, குரல் மட்டும் உள்ளே போனது.

"அத்தை, இருக்கிறதிலேயே உச்சமான வரியப் பாடுங்க. முழுசா, மேடையில பாடுற மாதிரி."

அளவு பார்த்துக்கொண்டாள். மைக்கின் முதுகு லேப்டாப் பக்கம் இருந்தது. இதயவடிவில் கேட்கிற அந்த மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம்.

முதல் டேக். ஹெட்போனில் தாளம் சொல்லும் கிளிக் சத்தத்தோடு பாடினார். சுருதியும் தாளமும் சுத்தம். ஆனாலும் பாட்டு நகரவில்லை. அளந்து வைத்த 'டிக் டிக்'குக்கு ஒத்துப் பாடுவதில் அவர் கவனமெல்லாம் போய்விட்டது. மகள் கிளிக்கை நிறுத்திவிட்டு, அப்பா வாசித்த உறுமியை மட்டும் ஹெட்போனில் ஏற்றினாள். இரண்டாவது டேக்கில் உடம்பு ஆடத் தொடங்கியது. ஆனால் கை மேடையில் போல் விரிந்தது, குரல் ஆயிரம் பேரைத் தேடியது. நடுவிலேயே அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்து பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தங்கச்சி, ஊருக்குப் பாடாத. ஊரு இங்க இல்ல. அவரு முன்னாடி நிக்கிறாரு. அவரு ஒருத்தருக்கு மட்டும் சொல்லு."

அந்த அம்மா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். நெற்றியில் வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டார், தன் குரலைக் காற்றிலும் கேட்க. மூன்றாவது டேக் ஓடியது. நான் இந்த அம்மாவை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலின் அடியில் இப்படி ஒரு கெஞ்சல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடை ஸ்பீக்கர்களும் கூட்டமும் இத்தனை காலம் அதை மூடி வைத்திருந்திருக்கின்றன. மூச்சை இழுக்கிற இடம், சொல்லுக்கு முன் நாக்கு ஈரத்தோடு பிரிகிற இடம், பேரைச் சொல்லும்போது தொண்டை லேசாக அடைக்கிற இடம், எல்லாம் அந்தச் சின்ன அறையில் துல்லியமாகக் கேட்டன. கால் மரத்துப்போனது, அசையவில்லை.

இரண்டாவது சரணத்தில் தெருவில் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி. மின்தடைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. யாரும் முகம் கோணவில்லை. வண்டி போகும்வரை கதவைத் திறந்துவைத்துக் காற்று வாங்கினார்கள். மகளின் அம்மா சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கெட்டுப்போன இரண்டு வரிகளை மட்டும் பஞ்ச் போட்டார்கள். முந்தைய வரியிலிருந்து பாடிக்கொண்டே வந்து, குறித்த இடத்தில் பதிவு தானாகத் திறந்து தானாக மூடும். ஒட்டு தெரியாமல் இருக்க, விட்ட இடத்தின் உணர்ச்சிக்குள் பாடகர் மறுபடி போக வேண்டும். அது மென்பொருளால் ஆகிற காரியமில்லை. அந்த அம்மா ஒரே முறையில் போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்த பிறகும் மகள் யாரையும் எழ விடவில்லை. யாரும் பாடாத, வெறும் அறையை அரை நிமிடம் பதிந்தாள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை மொட்டை அமைதியால் நிரப்பினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அறைக்கென்று இருக்கிற அமைதியால் நிரப்ப வேண்டும்.

மின்சாரம் வந்த பிறகு, இரண்டொரு நாள் சாயங்காலம் மிக்ஸ் நடந்தது. சுருதி திருத்தும் கருவி ஒன்றைத் திறந்தாள் மகள். திரையில் குரல் நெளிந்து நெளிந்து ஏறி இறங்கும் கோடாகத் தெரிந்தது. கருவி அந்த நெளிவுகளைப் பிடித்துப் படிக்கட்டாக நிமிர்த்தியது. கேட்டதும் அப்பா, "வேணாம்டா, ஆளு போயிட்டா அதுலேர்ந்து" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நம் பாட்டில் சுரங்களுக்கு நடுவே போகிற வழிதான் பாதிப் பாட்டு. அசைவைத் தவறென்று எண்ணித் திருத்துகிற கருவியை இந்தக் குரல்களில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது பெரிய அநியாயம். இன்று வருகிற பல பக்திப் பாட்டுகளில் பாடகர்களின் முகமே தெரியாமல் போனதற்கு இதுவும் காரணம். மகள் உண்மையிலேயே சறுக்கிய ஓர் இடத்தை மட்டும் கையால் தொட்டுவிட்டு, மற்றதை அப்படியே விட்டாள்.

மிக்ஸை ஹெட்போனில் கேட்டாள். பிறகு போன் ஸ்பீக்கரில் கேட்டாள். பிறகு தெருமுனை ஷேர் ஆட்டோக்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்துப் போடச் சொல்லி, வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டாள். திருவிழாவில் இது ஓடப்போவது புளியமரத்தில் கட்டிய ஸ்பீக்கரில்தான். அடிநாதம் அங்கே எடுபடாது, சொல் எடுபட வேண்டும். உறுமியின் கனத்தைக் கொஞ்சம் குறைத்துக் குரலுக்கு வழிவிட்டாள். கமிட்டிக்காரர்கள் வந்து அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் பெரியவர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி: "எங்க ஊர்ப் பேரு வர்ற எடத்த இன்னொருக்காப் போடுத்தா." போட்டாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாளின் பதிவுகள் மொத்தமும் ஒரு ஜிபிகூட வரவில்லை. ஒரு குரல், ஒரு டிராக், நிமிடத்துக்கு 9 எம்பிக்கும் குறைவு. ஆனாலும் அவள் மூன்று நகல் எடுத்தாள். லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, பாட்டுக்கார அம்மா வீட்டில் கொடுத்துவைக்க பென்டிரைவில் ஒன்று. பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிப்போன கேசட்டுகள் அந்த வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. அவற்றில் யார் யார் குரல் போயிற்று என்பது அப்பாவுக்குத் தெரியும்.

அடுத்த பராமரிப்பு நாள் அறிவிப்பு இன்னும் பேப்பரில் வரவில்லை. அதற்குள் இரண்டு பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒருவர் கோயிலில் தேவாரம் பாடி ஓய்வு பெற்ற ஓதுவார், மற்றவர் ஒப்பாரி பாடுகிற பாட்டி. இருவருக்கும் எழுபதுக்கு மேல். இருவரிடமும் மகள் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதிவின் ஒரு நகலை அவரவர் வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் போட்டிருக்கும் நிபந்தனை.